சாத்தி வைத்த சத்தம்

பிப்ரவரி 11, ஞாயிறு

நேற்று மாலை கூட்டுறவுச் சங்க ஆண்டு விழாவில் வாசித்தோம். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பதினொன்று காலி. மீதியில் பாதிப் பேர் எங்கள் வீட்டு ஆட்கள். மூன்றாவது பாட்டில் ஒரு நாய் வந்து மேடைக்கு முன்னால் படுத்தது. கடைசி வரை எழுந்து போகாத ஒரே ரசிகர் அதுதான்.

நான் நன்றாக வாசித்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்ளலாம். இந்தப் பதினாலு வருஷத்தில் பேஸ் கிட்டார் என்று ஒன்று மேடையில் இருப்பதைக் கவனித்துப் பாராட்டியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. நாற்காலி அதிர்ந்தது என்றார்.

டெய்லர் வழக்கம்போல உச்சஸ்தாயிக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஊசியில் நூல் கோக்கிற முகம். தையல் கடைக்காரர், வயது அறுபது, பேண்டின் பாடகர், தலைவர், எல்லாம் அவர்தான். டிரம்ஸ் மீட்டர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன் என்பதால் அந்தப் பெயர். கிட்டார் வாத்தியார், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். துணைக்குரல் என் வீட்டுக்காரி. பேஸும் மிக்சரும் நான்.

மிக்சர் என் வலது கைப்பக்கம் ஒரு ஸ்டூலில் இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பித்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அந்த ஆளின் சத்தம் சபைக்குப் போகாது. எங்கள் பாஷையில் இதற்குக் கதவைச் சாத்துவது என்று பெயர். வாத்தியார் கதவைச் சாத்தி மூன்று வருஷம் ஆகிறது. மனுஷன் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறார். என் வீட்டுக்காரி கதவைச் சாத்தி பதினாறு மாதம். கழுத்தில் கட்டி எடுத்த பிறகு அவள் குரல் மேலே ஏறுவதில்லை.

இரண்டு பேருக்கும் தெரியாது. யாரையும் பேண்டைவிட்டுப் போகச் சொல்லக் கூடாது என்பது டெய்லரின் கொள்கை. மனசு நோகக் கூடாது என்பார். மனசு நோகாமல் ஒரு ஆளை இல்லாமல் ஆக்க இந்தப் பித்தானை விட்டால் வேறு வழி கிடையாது. நேற்று மீட்டர் பாட்டுக்கு நடுவில் இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தான். பேண்டு சந்தோஷமாக இருக்கிறது.


பிப்ரவரி 14, புதன்

வேலை பார்க்கிற பல் லேபில் பல்செட் மூன்று முடித்தேன். டாக்டரிடமிருந்து அச்சு வரும், மாவு ஊற்றி எடுப்பேன், மெழுகில் பல் அடுக்குவேன், கடைசியில் சக்கரத்தில் பளபளப்பு ஏற்றுவேன். யார் வாய் என்று தெரியாது. என் சிரிப்பை மாட்டிக்கொண்டு ஊரில் எத்தனையோ பேர் திரிகிறார்கள். எதிரில் வந்தால் என்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிப்பதில்லை.


பிப்ரவரி 24, சனி

டெய்லர் கடை மாடியில் பயிற்சி. துணி மூட்டைகளுக்கு நடுவே ஐந்து பேர் நிற்கலாம், திரும்ப முடியாது. வாத்தியார் கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்திருந்தார். பாட்டுக்குப் பாட்டு எத்தனை அடி, எங்கே நிறுத்தம் என்று கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறார், சிவப்பு மையில். பெல்ட்டைத் தொப்புளுக்கு மேலே கட்டுகிற ஆளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? வாசிக்கும்போது வலது கால் ஷூ தரையில் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆள் ஓடுகிறார் என்று காதைப் பொத்திக்கொண்டாலும் தெரியும்.

முடிந்ததும் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, சங்கத்து விழாவுல என் கிட்டார் சத்தம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சோ?"

"கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்றேன்.

மீட்டர் டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. வாத்தியார் நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்: சத்தம் குறைக்கவும்.


மார்ச் 9, வெள்ளி

வீட்டுக்காரி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் அசுர சாதகம் செய்தாள். சுரம் ஏறுகிற இடத்தில் குரல் உடைகிறது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கிறாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். வெளியே வந்து, தேறுமா என்று கேட்டாள். போன வாரத்தைவிட நல்லா இருக்கு என்றேன்.

அவள் வேலை பஸ் நிலையத்தில் அறிவிப்பு. எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை, எது ரத்து. பேசுகிற குரலுக்குக் கட்டி ஒன்றும் செய்துவிடவில்லை. தினம் ஆயிரக்கணக்கான பேர் அவள் சொல்கிறபடி நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். அது போதாதா ஒரு மனுஷிக்கு? பாட்டும் வேண்டுமா?

சொல்லியிருக்கலாம். கட்டி எடுத்த பிறகு நடந்த முதல் பயிற்சி அன்றைக்கே டெய்லர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குரல் ஏறலைன்னு தங்கச்சிகிட்ட நீதான் சொல்லணும்" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்தால் அவள் புதுப் புடவையைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த நிகழ்ச்சிக்கு. பித்தான் சுலபமாக இருந்தது.


ஏப்ரல் 2, திங்கள்

வாத்தியார் போய்விட்டார். காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தாராம், அப்படியே சாய்ந்திருக்கிறார். அறுபத்தெட்டு.


ஏப்ரல் 4, புதன்

எல்லாம் முடிந்து அவர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். சின்ன வீடு. கணக்குப் புத்தகங்கள் உயர வாரியாக அடுக்கியிருந்தன. அவர் மனைவி உள்ளறையில் படுத்திருந்தார். மகள் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது, பல் டாக்டரிடம் ஒருமுறைகூடப் போயிருக்காத பல்வரிசை. வேறு எதையும் பார்க்கத் தைரியமில்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு உங்க பேண்டுதான் எல்லாம். ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லுவாரு, இன்னிக்கு என் சத்தம் எனக்கே கேக்கல, அவ்வளவு சேர்ந்து இருந்துச்சுன்னு. நல்ல பேண்டுல தன் சத்தம் தனியா கேக்கக் கூடாதாமே?"

டெய்லர் தலையை ஆட்டினார். ஆமாம்மா, அதுதான் இலக்கணம் என்றார். மீட்டர் எழுந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போனான். எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. தேநீரைக் குடித்து அமுக்கிக்கொண்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா வாசித்தது ஏதாவது பதிவு இருக்குமா என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா கேட்கிறார்களாம். தேடித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது?


ஏப்ரல் 20, வெள்ளி

அந்தப் பெண் நேராக லேபுக்கே வந்துவிட்டாள். நான் மேல் தாடை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், முகமெல்லாம் வெள்ளைத் தூள். பதிவு கிடைச்சுதா அண்ணா என்றாள். டெய்லர் ஜூனில் வாத்தியாருக்கு நினைவு நிகழ்ச்சி வைக்கப்போவதாகச் சொன்னாராம். அதற்கு முன்னால் கிடைத்தால் அம்மாவுக்குப் போட்டுக்காட்டலாம் என்றாள்.

உண்மையில் ஒரு வழி இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் யாரோ ஸ்டூடியோவை மூடியபோது வாங்கிய மிக்சர் இது. பின்பக்கம் ஒரு டிஸ்க் தொங்கும். ஒவ்வொரு வரிசையும் அதில் தனித்தனியாகப் பதிவாகும். கதவு திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நாங்கள் யாரும் அதைத் திறந்து கேட்டதே இல்லை. எங்கள் பாட்டை இரண்டாம் தடவை கேட்க எங்களுக்கே பொறுமை கிடையாது.


ஏப்ரல் 22, ஞாயிறு

வீட்டுக்காரிக்குப் பகல் ஷிஃப்ட். மத்தியானம் கம்ப்யூட்டரில் டிஸ்கை மாட்டினேன்.

வாத்தியாரின் வரிசையைத் தனியாக ஓடவிட்டேன். சிரிக்கத் தயாராகத்தான் இருந்தேன். சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அலங்காரம் கிடையாது, ஒரு சுரம்கூட அதிகப்படி கிடையாது, கோடு போட்ட நோட்டு மாதிரி ஒரே சீராகப் போகிறது. இரண்டு பாட்டு கேட்டேன். எனக்கு எரிச்சலாக வந்தது, நிறுத்திவிட்டேன்.

கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வரிசை அவளுடையது. என்னதான் பாடியிருக்கிறாள் பார்ப்போம் என்று போட்டேன்.

கதவு சாத்திய முதல் நிகழ்ச்சி. பாடுகிறாள். இரண்டாவதிலும் பாடுகிறாள், ஏறுகிற இடத்தில் உடைகிறது. மூன்றாவது நிகழ்ச்சியில் பாட்டுக்கு நடுவே ஒரு இருமல். பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு வேண்டுமென்றே இன்னொரு இருமல், பலமாக. அப்புறம் மெதுவாக, "ஹலோ." இன்னும் கொஞ்சம் மௌனம். "ஏங்க."

மறுபடி, "ஏங்க. இங்க பாருங்க."

நான் அவளுக்கு ஆறடி தள்ளி நின்றிருப்பேன். பார்த்திருக்கமாட்டேன். நாலாவது விரலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

தெரியும். பதினாலு மாதமாக அவளுக்குத் தெரியும்.


ஏப்ரல் 23, திங்கள்

தலைவலி என்று லேபுக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். மிச்சத்தையும் கேட்டேன். தெரிந்த பிறகு பத்தொன்பது நிகழ்ச்சி. ஒன்றில்கூட அவள் நிகழ்ச்சியைவிட்டு நிற்கவில்லை, மேடையில் முகம் சுளிக்கவில்லை. மைக்கை உதட்டருகே வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு பேசியிருக்கிறாள். பஸ் நிலையக் குரலில். எழுதி வைக்கிறேன், அப்புறம் நானே நம்பமாட்டேன்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பேஸ் கிட்டார் இன்றும் வழக்கம்போல் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."

"பேஸ் கிட்டாருக்காகக் காத்திருக்கும் டிரம்ஸ், பொறுமையுடன் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

"மேடையின் இடப்பக்கம் தனியாக ஆடிக்கொண்டிருக்கும் நபர் தன் உடைமைகளுடன் கீழே இறங்கவும்."

நான் ஆடுவேனா? ஆடுகிறேனா என்ன?

அவள் காலடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு, பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்பதற்கு. கதவு சாத்தினாலும் அது பேசும். அதற்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பவன் மீட்டர். அடப்பாவி. அதுக்காடா சிரிச்ச?


ஏப்ரல் 25, புதன்

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். என் வரிசையைத் தனியாகப் போட்டு, கூடவே கம்ப்யூட்டரில் தாளத்தைத் தட்டவிட்டேன். ஒரு பாட்டு, இரண்டு பாட்டு, ஏழு பாட்டு. ஒவ்வொரு அடியிலும் தாளம் விழுந்த பிறகுதான் நான் விழுகிறேன். மயிரிழைதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும். பாட்டு முடிகிற இடத்தில் எல்லோரும் என்னோடு சேர்ந்து மெதுவாகிவிடுகிறார்கள், வாத்தியாரைத் தவிர.

வாத்தியார் தாளத்தின் மேலேயே நிற்கிறார். ஒரு இடத்தில்கூட ஓடவில்லை. நாங்கள் எல்லோரும் பின்னால் போனதால் அவர் ஓடுகிற மாதிரி கேட்டிருக்கிறது. சரியாக வாசித்த ஒரே ஆளின் கதவைச் சாத்திவிட்டு மூன்று வருஷம் ஊரெல்லாம் போய் வந்திருக்கிறோம்.

இதை நினைத்து நான் வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வருத்தம் வரவில்லை. வாத்தியார் செத்துவிட்டார், அவர்மேல் கோபப்பட முடியாது. அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.


மே 6, ஞாயிறு

நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் மரியாதை கூடிவிட்டது. உன் குரல் இப்போதெல்லாம் ரொம்ப மெருகேறியிருக்கிறது என்று நேற்று அவளிடம் சொன்னேன். உங்க பேஸ் மட்டும் என்னவாம், நாளுக்கு நாள் நல்லாத்தானே வருது என்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த மாதிரி ஒருத்தியோடு இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்தினேன்?


மே 17, வியாழன்

மீட்டரை எங்கள் தெருவிலேயே பிடித்தேன், கையில் நோட்டோடு ஒரு வீட்டு வாசலில் குனிந்திருந்தான். நேராகக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் நிமிர்ந்து, தண்ணீர் மீட்டரின் மூடியைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

"நீங்க லேட்டா வருவீங்க அண்ணே, நீங்க வர்ற வரைக்கும் நான் நிப்பேன். பதினாலு வருஷமா பழகிப்போச்சு. அக்கா பேசுறது மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் அதுக்காகத்தான் வந்தேன்னு வச்சுக்கோங்களேன்."

டெய்லருக்கும் தெரியுமா என்றேன். அவர் அவர் குரலைத் தவிர வேறு எதைக் கேட்டார் என்றான். அது நியாயம்தான்.


ஜூன் 10, ஞாயிறு

நினைவு நிகழ்ச்சி அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. பழைய மாணவர்கள் எல்லாம் வருகிறார்கள், இருநூறு பேருக்குக் குறையாது என்கிறார் டெய்லர். இத்தனை வருஷத்தில் எங்களுக்கு வாய்த்த பெரிய கூட்டம் வாத்தியார் செத்ததால் வந்தது.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் கதவைத் திறந்து வைக்கப்போகிறேன். சிவப்பு விளக்கு இருக்காது. அவள் நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது. பேசட்டும். இருநூறு பேர் நடுவில் புருஷனைக் கேலி பேசுகிற பெண்டாட்டி எப்படி இருப்பாள் என்று எல்லோரும் பார்க்கட்டும். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? அதைத்தான் நான் பார்க்கவேண்டும்.

வாத்தியார் வரிசையில் எதுவும் இல்லை. அந்தக் கேபிள் தரையில் கிடக்கும்.


ஜூன் 17, ஞாயிறு

வந்து சட்டைகூட மாற்றாமல் எழுதுகிறேன். அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருநூற்றைம்பது பேர் இருக்கும். முதல் வரிசையில் வாத்தியார் மகள். அம்மாவுக்கு முடியவில்லையாம், அவர் வரவில்லை. வரவில்லை, அது ஒன்றுதான்—

டெய்லர் பேசினார். வாத்தியாரின் கிட்டார் இல்லாமல் எங்கள் பேண்டு ஊமை என்றார். அந்த நாதம் இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது என்று சொல்லி, கண்ணைத் துடைத்தார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேரும் துடைத்துக்கொண்டார்கள். நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். டெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் சிரித்தபடி இருந்தது. நான் விரலை மிக்சரில் வைத்து அவள் கதவைத் திறந்துவிட்டேன்.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது சரணத்தில் அவள் மைக்கிடம் வந்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நமது வாத்தியாரின் கிட்டார் கடந்த மூன்று ஆண்டுகளாக இந்த மேடையில் ரத்து செய்யப்பட்டிருந்தது. அவருடைய சத்தம் ஒருநாளும் உங்களை வந்து சேரவில்லை. அவர் சரியான நேரத்தில்தான் புறப்பட்டார். தாமதமாக வந்தவர் மேடையின் இடப்பக்கம் நிற்கிறார்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. பஸ் நிலையத்தில் கேட்கிற மாதிரி தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். முதலில் கூட்டம் சிரித்தது. நிகழ்ச்சியில் ஒரு தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டப் போனாள். பின்சுவரில் மோதித் திரும்பி வந்த தன் குரலைக் கேட்டு என் வீட்டுக்காரி மைக்கிலிருந்து பின்னால் நகர்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாயைப் பொத்தியதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. தட்டப்போன கை இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. டெய்லரைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். எதற்கு? தெரியல. கை நிக்கல.


ஜூன் 18, திங்கள்

மத்தியானம் வந்தாள். துணியை எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னை அசிங்கப்படுத்தத்தான் தொறந்தீங்க."

ஆமாம் என்றேன்.

"அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கான்னு உங்களுக்குத் தோணல. எனக்கும் தோணல. நான் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் பேசினேன். யாருக்கும் கேக்காதுன்னு எவ்வளவு பழகிட்டேன் பாருங்க."

கதவைச் சாத்திய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேனே என்றாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினாள். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.


ஜூன் 30, சனி

டெய்லர் மீட்டரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். கொஞ்ச நாளைக்குப் பயிற்சி வேண்டாமாம். தம்பி மனசு நோகக் கூடாது என்றாராம்.


ஜூலை 13, வெள்ளி

வாத்தியார் மகள் லேபுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மேஜையில் வரிசையாக ஆறு தாடை, எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு. அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நிச்சயமா என்றாள். நிச்சயமாக என்றேன். என்னை எதுவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட வேலை செய்கிறவன் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. அவங்க தினமும் கேக்குறாங்க. ஒரு பாட்டு. முழுசா, எல்லாரோடயும் சேர்ந்து அப்பா வாசிக்கிற மாதிரி. அது மட்டும் செஞ்சு குடுங்க. அதுக்கப்புறம் உங்க மூஞ்சில நான் முழிக்க வேண்டாம்."


ஜூலை 29, ஞாயிறு

இரண்டு வாரமாக அதே வேலை. வாத்தியார் கதவைத் திறந்து எல்லோரோடும் சேர்த்தால் பாட்டு நாறுகிறது. அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். என் வரிசையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் சரிவரவில்லை. நான் இல்லாவிட்டாலும் மீட்டர் எனக்காக நின்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. பாட்டு முழுக்க நான் உட்கார்ந்து எழுந்த தடம். டிஸ்கில் நாற்பத்தொரு நிகழ்ச்சி. ஒன்று தேறாதா?


ஆகஸ்ட் 5, ஞாயிறு

கிடைத்தது. போன நவம்பர், நூலக மண்டபம். அன்று நாலாவது பாட்டில் என் கேபிள் செத்துவிட்டது. பாட்டு முழுக்க நான் மிக்சருக்குக் கீழே மண்டியிட்டு ஒயரைத் திருகிக்கொண்டிருந்தேன். என் வரிசையில் வெறும் கரகரப்பு.

அந்த நாலு நிமிஷத்தில் மீட்டர் காத்திருக்க ஆள் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் ஷூவைப் பார்த்து வாசித்திருக்கிறான் போல. இரண்டும் ஒட்டிக்கொண்டு போகிறது. டெய்லர்கூடக் கத்தவில்லை. அவள் வரிசையைத் திறந்தேன். அந்தப் பாட்டில் அவள் எதுவும் பேசவில்லை. பாடியிருக்கிறாள், மேலே போகாமல், கீழ்ச்சுரத்திலேயே. உடையவே இல்லை.

பதினாலு வருஷத்தில் எங்கள் பேண்டு உருப்படியாக வாசித்தது இந்த நாலு நிமிஷம். நாலு கதவையும் திறந்துவிட்டேன். கரகரப்பை அழித்தேன்.

அவள் பின்னால் வந்து நின்று முழுக்கக் கேட்டாள். எந்த ஊர் நிகழ்ச்சி என்று கேட்டாள், சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. போகும்போது கதவருகில் நின்று, டெய்லர் பத்தொன்பதாம் தேதி பயிற்சிக்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னாள்.


ஆகஸ்ட் 19, ஞாயிறு

பயிற்சி நாள். அவள் டெய்லர் கடைக்குப் போனாள். நான் வாத்தியார் வீட்டுக்குப் போனேன்.

மகள் கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், ரொம்ப மெலிந்துவிட்டார்கள். சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். கையை மடியில் கோத்துக்கொண்டு கேட்டார்கள். கிட்டார் வருகிற இடமெல்லாம் ஒரு விரல் மட்டும் அசைந்தது. முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பாடுகிறது யார், கூடப் பாடுகிற அந்தப் பெண் குரல் யாருடையது, எவ்வளவு கனமா நல்லா இருக்கு என்றார்கள். என் மனைவி என்றேன்.

"உங்க சத்தம் எதுப்பா? எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல."

"அன்னிக்கு நான் வரலைம்மா."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"வரலையா?" அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப அவரு தவிச்சுப் போயிருப்பாரே. மூணு வருஷமா இதே பேச்சுதான். அந்தத் தம்பிக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது, நான் பக்கத்துல உக்காந்து காலைத் தட்டிக் குடுத்தாத்தான் பிடிச்சுக்குவான்னு சொல்லுவாரு. அதுக்குன்னே அந்தச் சத்தம் போடுற ஷூவை வாங்கினாரு. காய்ச்சலா இருந்தாக்கூட கிளம்பிடுவாரு, நான் போகலன்னா அவன் என்ன பண்ணுவான்னு."

ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

இன்னொரு தடவை போடுப்பா என்றார்கள். போட்டேன்.